ஈரம் காயாத முடி

வெளியூர் போனால் நான் என் நிழலைக்கூட நம்பமாட்டேன். கம்பெனியின் டெண்டர் விலை மொத்தமும் என் லேப்டாப்பில் இருக்கிறது. அறையைவிட்டுக் கிளம்பும்போது, மூடிய லேப்டாப்பின் விளிம்பில் ஒரு முடியை எச்சில் தொட்டு ஒட்டிவைப்பேன். யாராவது திறந்தால் முடி விழுந்துவிடும். என் வழுக்கையில் முடிக்கு எங்கே போவது? மனைவியின் சீப்பிலிருந்து எடுத்துவந்ததுதான்.

இன்று கூட்டம் முடிந்து மதியம் ஹோட்டல் அறைக்குத் திரும்பினேன். முடி வைத்த இடத்திலேயே இருந்தது. நிம்மதியாகத் தொட்டேன். ஈரமாக இருந்தது. ஷாம்பு வாசனை வந்தது.

அப்போது ஊரிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, இப்பதான் தலைக்குக் குளிச்சிட்டு வந்தேன். பின்னாலருந்து யாரோ ஒரு முடிய வெடுக்குன்னு பிடுங்கிட்டாங்க. திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கு."