பூவாடைக்காரியின் காசு

பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு வார்க்கும் அல்தாப், பழங்காசு சேர்ப்பவன். சன்னல் வெயிலில் வெள்ளைத் தூசி மிதக்கிறது. அங்கே பொம்மைக்கு வண்ணம் பூசும் அஞ்சலாட்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூன்று வருடம் முன் கொல்லையில் களை வெட்டும்போது கிடைத்த வெள்ளிக் காசை நீட்டுகிறாள். "எவளோ வெள்ளக்காரிய எதுக்குக் கும்புடறன்னு எங்க வூட்டுக்காரரு ஆத்துல போடப் போறாரு. இது சாமியா இல்லியான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி." காசில் குங்குமம் ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் புளிபோட்டுத் தேய்த்ததில் முகம் மழுங்கியிருக்கிறது. அல்தாப் அதை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்து, பதிந்த தடத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பார்க்கிறான். உச்சியில் சுருட்டிய பின்னல், ஓரத்தில் தேயாமல் தப்பிய நான்கு எழுத்துகள். "ரோமாபுரி ராணிம்மா, பவுஸ்தினா. DIVAன்னு இந்த நாலு எழுத்து இருந்தா, செத்தப்புறம் அவங்கள சாமியாக்கிட்டாங்கன்னு அர்த்தம். புருஷனே கோயில் கட்டுனாரு." "எங்க வூட்டுல செத்துப்போன நாத்தனார பூவாடைக்காரின்னு கும்புடறமே, அந்த மாதிரியா?" "அதே மாதிரிதான். இனிமே புளி மட்டும் போடாதீங்க." அவள் காசைக் கண்ணில் ஒற்றி, மறுபடி முந்தானையில் முடிகிறாள். முடிச்சுப் போடும் கை பாதியில் நிற்கிறது. "பூவாடைக்காரிக்குப் பொடவ வெச்சுல்ல படைக்கணும்? மூணு வருசமா வெறும் கற்பூரத்தக் காட்டிட்டு இருந்துட்டேனே தம்பி."