கடைசி நாலு நிமிஷம்

“பேனாவை எங்கிட்ட நீட்டாதே ராதா. கிளாரன்ஸ் சார் பேரை இந்த ஸ்டேடியத்துக்கு வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சிந்தியா சொன்னது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அந்தக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பழைய கேப்டன்கள் பன்னிரண்டு பேர் அங்கே கூடியிருந்தார்கள். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று.

முப்பத்தொரு வருடம் கோச்சாக இருந்து, பதினான்கு முறை மாநிலக் கோப்பையை வாங்கித் தந்த கிளாரன்ஸ் சாருக்கு இன்றோடு ஓய்வு. புதிய உள்ளரங்கத்துக்கு அவர் பெயரை வைக்க நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. விழாவுக்கு வந்திருக்கும் பழைய கேப்டன்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

“அஞ்சு மணிக்கு பிரின்சிபல் மேடை ஏறிடுவாங்க,” என்றாள் ராதா. “ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் நன்கொடை கொடுத்த அந்த பில்டர் பேரைத்தான் வைப்பாங்க.”

“வைக்கட்டும். அந்த ஆளு யாரையும் ஃபைனல்ல பெஞ்சில உக்கார வைக்கலையே!”

யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

“பதினாறு வருஷம் ஆச்சுடி. இன்னுமா?” என்றாள் ராதா.

“நீ வேற பேட்ச், உனக்கென்ன தெரியும்? நான் கேப்டன். அன்னிக்கு இருபத்திரெண்டு பாயிண்ட் நான் ஒருத்தியே போட்டிருந்தேன். ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க கேலரியில உக்காந்திருக்காங்க. நாலு நிமிஷம் பாக்கி. ரெண்டு பாயிண்ட் முன்னால இருக்கோம். மனுஷன் என்னை வெளியே கூப்பிட்டார். ‘ஏன் சார்?’னு கேட்டேன். ‘உக்காரும்மா’ன்னார். அவ்ளோதான். ஒரு பாயிண்ட்ல தோத்தோம்.”

“ஏதாவது காரணம் இருந்திருக்கும்...”

“இருந்துச்சே! காலையில வார்ம்-அப்புக்குப் பத்து நிமிஷம் லேட்டா வந்தேன். விவேக் நகர்ல பஸ் கிடைக்கல. அந்தக் கோபத்தை ஃபைனல்ல தீர்த்துக்கிட்டார்.”

சிந்தியாவுக்கு ஸ்டேட் டீம் அழைப்பு அதன்பிறகு வரவே இல்லை. இன்று இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறாள். வீட்டு டிவியில் மேட்ச் வந்தால் சேனலை மாற்றிவிடுவாள்.

“நீங்க அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடுங்க. ஆனா மைக் மட்டும் என் கைக்கு வந்தா, இதை எல்லார் முன்னாலயும் போட்டு உடைக்காம விடமாட்டேன். ஒரு பொண்ணோட ஆட்டத்தையே முடிச்சுட்டு, மாலை வேற போட்டுக்குவாரா?”

ஜன்னலோரம் நின்றிருந்த மௌரீன் திரும்பினாள். அந்த ஃபைனலில் சிந்தியாவோடு ஆடியவள், அடுத்த வருடக் கேப்டன். பல வருடங்களாகக் கிளாரன்ஸ் சாருக்கு உதவி கோச். திங்கட்கிழமை முதல் அவர் இடத்துக்கு வரப்போகிறவள்.

“சிந்தியா, ஸ்வல்ப, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு.”

“நீ அவர் பக்கம்தான் பேசுவே. அவர் நாற்காலி உனக்குத்தானே வருது!”

“அன்னிக்கு உனக்கு எத்தனை ஃபவுல்?” என்று கேட்டாள் மௌரீன்.

“நாலு. ஸ்கோர் ஷீட்லயே இருக்கு. அஞ்சு ஆனாத்தானே வெளியே போகணும்? அதைத்தான் நானும் கேக்கறேன்!”

“நாலு இல்ல, அஞ்சு.”

மௌரீன் ஜன்னலை விட்டு சிந்தியாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீ வெளியே போறதுக்குக் கொஞ்சம் முன்னால, ரிங்குக்குக் கீழே நாம ரெண்டு பேரும் ஒண்ணாக் குதிச்சோம். நீ இடிச்சதுல எதிர் டீம் பொண்ணு விழுந்துட்டா. ரெஃப்ரி விசில் அடிச்சுட்டு ‘யாரு?’ன்னு பார்த்தார். ஃபவுல் பண்ணவங்க கையைத் தூக்கணும், அதுதானே வழக்கம்? நான் தூக்கிட்டேன். எனக்கு ரெண்டே ஃபவுல்தான். நீ வெளியே போனா மேட்ச் போச்சுன்னு தோணுச்சு. என் நம்பரை எழுதிட்டாங்க.”

“மௌரீன், சும்னே இரு, பேசாதே!” ராதா பதறினாள். “நிர்வாகத்து ஆளுங்க வாசல்லயே நிக்கிறாங்க. காதுல விழுந்தா உன் வேலை...”

“விழட்டும் ராதா. ரெஃப்ரி கவனிக்கல. சார் கவனிச்சுட்டார். ‘அஞ்சு ஃபவுல் ஆன பொண்ணை உள்ளே வச்சு ஜெயிச்சா, அந்தக் கப் நம்மளுது இல்லம்மா’ன்னு அன்னிக்கு சாயங்காலம் என்கிட்ட சொன்னார். நான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில சேர்ந்தவ. விஷயம் வெளியே வந்தா என் சீட் போயிடும். அதனால எல்லார்கிட்டயும் அவரே திட்டு வாங்கிக்கிட்டார்.”

“பொய்!” என்றாள் சிந்தியா. “அப்படின்னா என்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“‘சிந்தியாகிட்ட சொல்லிடட்டுமா சார்?’னு நான் கேட்டேன். ‘எதுக்கும்மா? இடிச்சவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவளே ஒரு நாள் வந்து பேசுவா’ன்னார்.”

கீழே யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சிந்தியா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, காலியாக இருந்த கடைசி இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“இப்பவாவது நம்பினியே,” என்றாள் ராதா.

சிந்தியா தலை நிமிரவில்லை. புதிதாக நம்புவதற்கு அதில் என்ன இருந்தது? அன்று விசில் சத்தம் கேட்டு நெஞ்சு திடுக்கிட்டதையும், மௌரீனின் கை உயர்ந்ததைப் பார்த்து ‘அப்பாடா!’ என்று தான் மூச்சுவிட்டதையும் அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.