சிவப்பில் நிற்கும் நாடா

ஊர்ச் சுகாதாரப் பணியாளரான நான் குழந்தை லிம்பானியின் புயத்தில் சுற்றிய அளவுநாடா கடும் சத்துக்குறைவைக் காட்டும் சிவப்பில் நிற்கிறது. எல்லாரும் பார்க்கட்டும் என்றே கழற்றாமல் விட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் தகரக் கூரை கொதிக்கிறது.

"தடுப்பூசிதான் என் வேலை. மெலிஞ்ச பிள்ளைங்களுக்குக் குடுக்கிற கடலைப் பசை சத்துணவு அதிகாரிகிட்ட," என்கிறாள் நர்ஸ்.

அதிகாரி அலமாரிச் சாவியை விரலில் சுழற்றுகிறார். "பிள்ளை இருமுதே. டாக்டர் எழுதித் தரணும்."

டாக்டர் நான் நீட்டிய சீட்டைத் திருப்பித் தள்ளுகிறார். "இது பசிம்மா. நோய்க்குத்தான் நான் எழுதுவேன்."

தாய் தியாமிகே, பிள்ளையைக் கட்டியிருக்கும் துணியை இறுக்கி முடிகிறாள். "இத்தனை பேரு இருக்கீங்க. இவன் வாயில ஒரு வாய் வைக்கிறது யாரு வேலை?"

என்னிடம் நாடா மட்டும்தான் இருக்கிறது. தொங்கும் அதன் நுனியை லிம்பானி இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு சப்புகிறான்.