செருப்பைக் கழற்றி வைத்த ஆள்

"முகம் சரியா விழல. இருந்தாலும் பாருங்க ஆன்ட்டி," என்று தாரணி கைப்பேசியை நீட்டினாள்.

மின்தூக்கிக்குக் காத்திருந்த வசந்தகுமாரி காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், அந்த அடுக்குமாடி புளோக்குக்கு அவள் கணவரோடு குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நின்று பேசுகிற ஒரே ஆள், நேர் கீழ் வீட்டுத் தாரணிதான்.

தாரணி வீட்டு வாசல் கேமராவில் பதிந்த காட்சி. தொப்பி போட்ட ஓர் ஆள்.

புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து அந்த ஆளுக்குப் பெயர்சூட்டு விழா. ஒருவர் வியர்டோ என்றார். இன்னொருவர் வக்கிரம் பிடித்தவன் என்ற பொருளில் சிக்கோ என்றார். மூன்றாமவருக்கு அதெல்லாம் போதவில்லை, சைக்கோ என்று போட்டுவிட்டார்.

"அதென்னம்மா, எல்லாத்துக்கும் வால்ல ஒரு ஓ?"

"அப்படித்தான் லா ஆன்ட்டி. வியர்ட்னா விசித்திரம், சும்மா குணம். ஓ ஒட்டினா ஆளாயிடும். நான் கிரீப்னு போட்டேன், அதுக்கு ஓகூட வேணாம்."

ஊர்ந்து போவதைச் சொல்லும் வினைச்சொல் அது. வால்கூட ஒட்டாமல் எழுந்து நின்று மனிதனாகிவிட்டது. ஒரு மனிதனைச் செய்ய ஆங்கிலத்துக்கு அவ்வளவு போதும்.

காட்சியில் அந்த ஆள் கதவுக்கு முன்னால் குனிந்து, செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்தது தெரிந்தது.

"பாருங்க, சத்தம் கேட்கக்கூடாதுன்னு கழட்டுறான்! இதை இப்பவே போலீசுக்கு அனுப்பப் போறேன்."

வசந்தகுமாரி திரைக்கு இன்னும் அருகே குனிந்தாள்; அந்தச் செருப்பு அவளுக்குத் தெரிந்த செருப்பு.

திரையில், கம்பிக்கதவுப் பூட்டில் சாவி நுழைந்தது. திறக்கவில்லை. மறுபடியும் திருப்பிப் பார்த்தது அந்தக் கை. கொஞ்ச நேரம் கதவையே பார்த்தபடி நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியேறிப் போனது அந்த உருவம்.

எந்த மாடியில் இறங்கினாலும் அதே நிறக் கதவு, அதே கம்பி. குடிவந்த புதிதில் வசந்தகுமாரியே ஒருமுறை மாடி மாறி இறங்கியிருக்கிறாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"உங்க வீட்டுக்கும் வந்தானா ஆன்ட்டி?" தாரணியின் விரல் அனுப்பும் பொத்தான்மேல் தயாராக இருந்தது.

"வருவாரும்மா. மறதியில எல்லாக் கதவையும் பார்த்துட்டு, கடைசியா எங்க வீட்டுக்குத்தான் வருவார். அவர் கையில இருக்கறது எங்க வீட்டுச் சாவி."