மூன்றாவது கையொப்பம்

"ஆட்டை விக்கக்குள்ள ஆட்டுட்ட ஆரும் கேக்கிறதில்ல. நாங்க ஆடு இல்ல, தலைவர் ஐயா."

சொல்லிவிட்டு அன்னப்பூரணி உட்காரவில்லை. நின்றபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

மண்டபத்தில் புதுச் சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியது. அங்கவீனருக்கென்று மட்டக்களப்பில் கட்டி முடித்த இல்லம். அடுத்த கிழமை திறப்பு விழா, மந்திரி வருகிறார். இன்றைக்கு அதற்குச் சட்டதிட்டம் எழுதும் கூட்டம்.

குழுவில் பதினொரு பேர். பத்துப் பேருக்குக் கண் தெரியும்.

பதினோராவது ஆளாக அவளைப் போட்டபோது, வாவிக்கு அக்கரையில் அவள் ஊரான வவுணதீவுத் துறையே சிரித்தது. "குருட்டுப் பொம்புள கொமிற்றிக்குப் போறாவாம். மறுகா பார்லிமெண்டுக்கும் போவா" என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

அவள் சட்டை செய்யவில்லை. ஒன்பது மாதம், முடங்கிக் கிடந்தவர்களின் வாசல் வாசலாகக் கோலூன்றிப் போனாள். உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். வேண்டியதைச் சொல்லுமுன் எல்லாரும் ஒரே பயத்தைத்தான் சொன்னார்கள். கேளாமல் கொள்ளாமல் இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள்.

அதற்காகத்தான் ஒரே ஒரு வரி கேட்டாள். சேருகிறவர் தன் கையால் ஒப்பமிட்டாலொழிய எவரையும் இல்லத்தில் சேர்க்கக் கூடாது.

தலைவர் நல்லரத்தினம் தொண்டையைச் செருமினார். "நல்ல விசயம். ஏகமனதா எடுப்பம்."

அவ்வளவுதான். ஒருவர் வாய் திறந்து மறுக்கவில்லை. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

கிளாக்கர் சில்வெஸ்டர் கடதாசிகளோடு வந்தார். "பெருவிரலைத் தாங்க அக்கா, மையில தொடுவம்."

"பேனையைத் தாங்க. அம்மாள் நோய் வந்து கண் போகக்குள்ள எனக்குப் பத்து வயசு. பேர் எழுதத் தெரியும்."

ஏழு எழுத்து. முதலாவது, கூட்டத்துக்கு வந்ததற்கு. இரண்டாவது, தீர்மானத்துக்கு.

மூன்றாவது கடதாசி விரலில் தடிப்பாகப் பட்டது. மட்டை மாதிரி.

"இதென்ன?"

"அதுவும் அதுதான் அக்கா. கொப்பி."

சொன்னது சில்வெஸ்டர் இல்லை. தம்பி இராசதுரை.

விடியக் காலையில் தோணியில் ஏற்றி அவளை வாவி கடத்திக் கொண்டுவந்தவன் அவன்தான். பின்னுக்கு இருந்தவன் எப்போது எழும்பி வந்தான்? அவள் விரலைப் பிடித்து, எழுத வேண்டிய இடத்தில் வைத்தான். அவன் கை நனைந்திருந்தது.

அக்கா சபையில் வென்றுவிட்டாள், அந்தப் பெருமையில் வேர்க்கிறது என்று நினைத்தாள்.

நினைக்க நெஞ்சு நிறைந்தது. தாய் வளவு அவள் பேரில். இந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு பெண்பிள்ளைக்கு, கல்யாணம் முடித்த ஆண் பெண்சாதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். இவன்தான், அக்காவை ஆர் பார்க்கிறது என்று பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவன்.

அந்தப் பெண்சாதி சின்னத்தங்கம்கூட இன்றைக்கு மாறிவிட்டாள். பத்து வருசமாக முகம் கொடுத்துப் பேசாதவள், விடிய எழும்பி மச்சாளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டாள், அப்பம் சுட்டுக் கொடுத்தாள், வாசல் படலை வரைக்கும் கைபிடித்தும் வந்தாள். சபை ஏறுகிறவளுக்கு அந்த மரியாதையும் இல்லாவிட்டால் எப்படி?

எழுதினாள். மற்ற இரண்டையும்விட வடிவாக, அவசரமே படாமல்.

கைதட்டினார்கள்.

கதிரைகள் இழுபட்டன. செருப்புகள் ஒவ்வொன்றாய்ப் படியிறங்கின. இராசதுரை காதோரம் குனிந்தான்.

"இஞ்சயே இரு அக்கா. தோணியப் பார்த்திட்டு வாறன்."

இருந்தாள். யன்னல் வெயில் தோளிலிருந்து மடிக்கு இறங்கியது. மடியிலிருந்து காலுக்கும் போனது.

பிறகு வாவிப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது.

இராசதுரை துடுப்புப் போட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் தோணி விளிம்பில் ஒரு தட்டு விழும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நூறு தோணிக்குள்ளும் அவள் பிரித்துச் சொல்வாள்.

டொக். டொக்.

கிட்ட வரவில்லை. மெலிந்துகொண்டே போனது.

தோளில் ஒரு பெண்ணின் கை விழுந்தது. "எழும்புங்க அக்கா, கட்டிலைக் காட்டுறன். திறப்பு விழாவுக்கு முன்னமே வந்த முதல் ஆள் நீங்கதான்."

"நான் கொமிற்றி ஆள், புள்ள."

"தெரியும் அக்கா. இல்லத்தில சேர்ற போம் மட்டை என்ட கையிலதான் இருக்கு. என்ன வடிவா ஒப்பம் வெச்சிருக்கிறீங்க!"

பத்து அடி நடத்திக் கூட்டிப்போனாள். கட்டில் முழங்காலில் தட்டுமுன் வேறொன்று தட்டியது. தகரப் பெட்டியின் மூலை. காலையில் தோணியிலும் இதுதான் காலில் இடித்தது. சந்தைக்குக் கொண்டுபோற சாமான் என்றானே.

குனிந்து தடவினாள். பூட்டு உடைந்த அவளுடைய பெட்டி. வலை நூலால் அவள்தான் கட்டி வைப்பாள். கண் தெரியாத கைக்கு வசதியாக, ஒரு இழுவையில் அவிழ்கிற முடிச்சு.

நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள்.

அவிழவில்லை. வேறு ஒரு கை போட்ட முடிச்சு.