பலகையின் வயிற்றெரிச்சல்

ஆவணி பிறந்து மூன்று முகூர்த்தம் போய்விட்டது. பெரிய கல்யாண மண்டபத்தின் வாசலில் இருந்த ‘நல்வரவு’ப் பலகைக்கு வயிறு எரிந்தது. அதற்கு நூறு பல்பு. எதிரே இருந்த தகரக்கூரை மண்டபத்துக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. ஆனால் கல்யாணம் எல்லாம் அங்கேதான்.

அன்று காலை எதிர் மண்டபத்து வாசலில் ஒரு தவில் வந்து உட்கார்ந்தது. பலகைக்குப் பொறுக்கவில்லை.

“ஏய் தவிலு! போன வருஷம் வரைக்கும் இங்கதானே வாசிச்சே? அந்தக் கொட்டகையில அப்படி என்னத்தைக் கண்டே? ஏசி இருக்கா? லிஃப்ட் இருக்கா?”

“இல்லைங்க. ஆனா இங்க யாரு சாப்பிட உட்கார்ந்தாலும், பாயசம் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இலையை உருவ மாட்டாங்க.”

“அதுக்காக ஊரே அங்க போயிடுமா?”

“நாள் குறிச்சதும் மேளத்துக்குச் சொல்ல வருவாங்க இல்லீங்களா? அப்ப எங்க ஆளுங்ககிட்டதான், ‘எந்த மண்டபம் தேவலை’ன்னு கேக்கறாங்க.”

பலகையின் நூறு பல்பும் படபடவென்று துடித்தன. “நன்றி கெட்டதே! எத்தனை கல்யாணத்துக்கு இங்க வந்திருப்பே! ஒவ்வொரு தடவையும் உனக்கு நல்வரவு சொன்னேனே!”

தவில் பலகையை நிதானமாகப் பார்த்தது.

“சொல்லியிருப்பீங்க. எங்களை எப்பவும் பின்வாசல் வழியாத்தானே விட்டாங்க? இந்தப் பக்கம் வந்தப்புறம்தான் உங்க முகத்தையே பாத்தேன்.”