அருவிக்கரை மெட்டு

மனுஷ வாடையில் மெட்டு வராது என்பது இசையமைப்பாளரின் கட்சி. வருடம் ஒருமுறை, செல்போனை வீட்டு டிராயரில் பூட்டிவிட்டு, தன்னந்தனியாகக் காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்.

"உங்களுக்குக் காடுதான் கட்டின பொண்டாட்டி" என்பாள் மனைவி.

இந்த முறை அருவிக்கரையில் ஒரு மெட்டு கிடைத்தது. கடைசி வரி மட்டும், ஒரு வாரம் மல்லுக்கட்டியும் பிடிபடவில்லை. அரைகுறை மெட்டோடு வீடு திரும்பினார்.

தன் சாவியால் கதவைத் திறந்து, அதை முனகிக்கொண்டே உள்ளே வந்தார். மனைவி சமையலறையில் முதுகைக் காட்டி நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள குளிச்சிட்டீங்களா? ஒரு வாரமா இதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

"இதை நீ எங்க கேட்ட?"

அவள் பதில் சொல்வதற்குள் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கூடவே அந்த மெட்டு, அவருடைய குரலில். கடைசி வரியும் வந்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு வரி அமையாது என்று அவருக்கே பட்டது.

மனைவி திரும்பினாள். கத்தி கை நழுவி விழுந்தது.

"யாரு நீங்க? உள்ள எப்படி வந்தீங்க?" என்றவள், குளியலறைப் பக்கம் பார்த்து அலறினாள். "என்னங்க! சீக்கிரம் வாங்க!"

பாட்டு நின்றது. தாழ்ப்பாள் விலகியது.